நத்தையின் 16எஸ்: அடுக்கும் முன் மடித்துப் பாருங்கள்

நில நத்தைகளின் மரபியலில் இறங்கும் ஆய்வு மாணவர்கள் வழக்கமாகக் கொண்டுவரும் சிக்கல் இது: “16எஸ் வரிசைகளை அலைன் செய்தேன். கேப் பெனால்டியைக் கொஞ்சம் மாற்றினால் மரமே மாறிவிடுகிறது. எதை நம்புவது?”

சி.ஓ.ஐ. மரபணுவில் இந்தத் தொல்லை குறைவு. அது புரதத்துக்கான குறிப்பு. மும்மூன்று எழுத்தாகப் படித்தால் பிழை பிடிபடும். 16எஸ் அப்படியல்ல. அது ஆர்.என்.ஏ.வாகவே மடிந்து ரைபோசோமில் வேலை செய்கிறது. அங்கே பிடிமானம் அந்த மடிப்புதான். எழுத்துகள் இணைசேரும் இடம் தண்டு. இணையில்லாமல் வளைந்து நிற்பது கண்ணி. தண்டு நீளம் பெரும்பாலும் மாறாமல் நிற்கும், கண்ணி நீளும், குறுகும். அதிலும் 16எஸ் இருக்கும் இடமான நில நத்தைகளின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. வேகமாக மாறக்கூடியது. ஐரோப்பாவின் சீபேயா நெமோராலிஸ் நத்தையில், ஒரே இனத்துக்குள்ளேயே 16எஸ் வேறுபாடு 10 விழுக்காட்டைத் தாண்டுவதை தோமாஸ், கில்லர், கிளார்க் ஆகியோர் 1996இல் காட்டினார்கள்.

ஒரு தண்டைக் கிட்டத்தில் பாருங்கள். ஒரு நத்தையில் இந்தப் பக்கம் ஜி, எதிர்ப்பக்கம் சி. இன்னொன்றில் அதே இடங்களில் ஏ, யு. எழுத்தை மட்டும் எண்ணினால் தனித்தனி மாற்றங்கள் இரண்டு. மடித்துப் பார்த்தால் இணை குலையவே இல்லை. முதல் மாற்றத்தை இரண்டாவது ஈடுகட்டியிருக்கிறது. நடுவில் ஜி–யு என்ற தளர்ந்த இணை பாலமாக இருந்திருக்கலாம். இந்த ஈட்டு மாற்றம்தான் தண்டு உண்மையானது என்பதற்கு வலுவான சாட்சி.

இனி செய்ய வேண்டியது.

உங்கள் துண்டை நேராக ஆர்.என்.ஏ.ஃபோல்ட் என்ற மடிப்பு மென்பொருளில் போட்டு, வரும் படத்தை அப்படியே நம்பாதீர்கள். வழக்கமான பிரைமர்கள் தருவது மரபணுவின் ஒரு பகுதியைத்தான். சில தண்டுகளின் மறுபாதி துண்டுக்கு வெளியே கிடக்கும். மென்பொருளோ கிடைத்ததோடு இணைசேர்த்துவிடும். லிடியர்டும் குழுவினரும் 2000இல் வெளியிட்ட மெல்லுடலிகளின் 16எஸ் அமைப்பை அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். ஈ.கோலை பாக்டீரியாவின் படம் மட்டும் போதாது. அதிலுள்ள சில தண்டுகள் நில நத்தைகளிடம் இல்லை.

அலைன்மெண்டின் அடியில் ஒரு வரி சேர்த்து, இணைசேரும் இடங்களுக்கு அடைப்புக்குறியும் மற்ற இடங்களுக்குப் புள்ளியும் இடுங்கள். மாஃப்ட் என்ற அலைன்மெண்ட் மென்பொருளின் க்யூ-ஐஎன்எஸ்-ஐ முறை அமைப்பையும் கணக்கில் எடுக்கும். ஆனாலும் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள். மற்ற நத்தைகளில் உறுதியாக நிற்கும் தண்டு ஒரு நத்தையில் மட்டும் உடைந்திருந்தால், முதலில் குரோமேட்டோகிராமைத் திறந்து பாருங்கள். அதில் தவறில்லையென்றால், உட்கருவுக்குள் குடிபோன போலிப் பிரதியா என்று சந்தேகப்படலாம்.

மரம் கட்டும்போது தண்டையும் கண்ணியையும் பிரித்துக் கொடுங்கள். தண்டின் இரு பக்கமும் சேர்ந்தே மாறுவதால், தனித்தனியாக எண்ணினால் ஒரே சாட்சியை இருமுறை கூண்டிலேற்றியதாகும். கிளைகளின் ஆதரவு எண் பொய்யாக ஏறும். மரம் கட்டும் மென்பொருளான மிஸ்டர்பேயஸில் உள்ள 16 நிலை டப்ளெட் மாதிரி இதற்கென்றே வந்தது.

கண்ணிகளை எப்போது விடுவது? தூரத்து உறவுகளை ஒப்பிடும்போது, எது எதற்கு நேர் என்று சொல்ல முடியாத கண்ணிகளை நீக்குங்கள். ஒரே இனத்தின் கூட்டங்களை ஒப்பிடும்போது நீக்காதீர்கள். வேறுபாடு அங்கேதான் குவிந்திருக்கும். குடும்பங்களுக்கு இடையிலான பழைய கிளைகளுக்கு உட்கருவின் ரைபோசோம் மரபணுத் தொகுதிக்குப் போங்கள். வேட், மோர்டன், கிளார்க் 2001இல் நில நத்தைகளின் மரத்தை அமைத்தது அதை வைத்துத்தான்.

இனி தொடக்கத்தில் வந்த ‘எதை நம்புவது?’ என்ற கேள்வி. கேப் பெனால்டியை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். பிறகு தண்டுகளை மட்டும் வைத்து ஒருமுறை ஓட்டுங்கள். எல்லாவற்றிலும் நிற்கும் கிளையைக் கட்டுரையில் எழுதுங்கள். கண்ணியைச் சேர்த்தால் மட்டும் தலைகாட்டும் கிளைக்கு, இன்னொரு மரபணு சாட்சி சொல்லும்வரை பொறுத்திருங்கள்.