பேரன் போட்ட கையெழுத்து

கேள்வி: என் மகள் பின்லாந்தில், தாம்பெரே நகரத்தில் இருக்கிறாள். பேரனுக்கு ஒன்பது வயது. போன வாரம் வீடியோவில் பேசும்போது, “ஆச்சி, எங்க ஸ்கூல்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கோம், தட்டுல மிச்சம் வைக்க மாட்டோம்னு. 2050-க்காக” என்றான். நாட்டுக்கே அப்படி ஒரு வாக்குறுதி இருக்கிறதாம், பள்ளிக்கூடமும் கடையும் நகராட்சியும் அதில் சேரலாமாம். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். காலைக் கூட்டத்தில் கையை நீட்டி உறுதிமொழி எடுக்காத வாரம் கிடையாது. கையை இறக்கியதும் அது மறந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஆட்சி மாறினால் முந்தைய ஆட்சியின் திட்டத்துக்குப் பெயரையே மாற்றிவிடுகிறார்கள். 2050 வரைக்கும் ஒரு நாடு எப்படி வாக்குக் கொடுக்க முடியும்? இது நிஜமா, கண்துடைப்பா?

– ஓய்வுபெற்ற ஆசிரியை, தென்காசி

பதில்: அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முழுக்கக் கண்துடைப்பு இல்லை. ஆனால் உங்கள் சந்தேகம் வீண் சந்தேகமும் இல்லை.

பேரன் சொன்ன ஏற்பாடு 2013 டிசம்பரில் வந்தது. ‘நாம் விரும்பும் பின்லாந்து 2050’ என்று அதற்குப் பெயர். எழுதியது, 1992 ரியோ சுற்றுச்சூழல் மாநாட்டுக்கு மறுவருஷம் அங்கே அமைத்த நீடித்த வளர்ச்சிக்கான தேசிய ஆணையம். அமைச்சகங்களோடு முதலாளிகள் சங்கம், தொழிற்சங்கம், நகராட்சிகள், தொண்டு அமைப்புகள், வடக்கே வாழும் சாமி பழங்குடியினரின் பேரவை என்று எல்லாரும் உட்கார்ந்து பேசும் இடம் அது. 2006-லும் அவர்களிடம் ஒரு தேசிய உத்தி அறிக்கை இருந்தது. 2013-ல் அறிக்கையை விட்டுவிட்டு வாக்குக்கு மாறினார்கள். எட்டே எட்டு இலக்குகள். எல்லாருக்கும் சமமான நல்வாழ்வு, கார்பன் சமநிலை, இயற்கை தாங்கும் அளவுக்குள் வாழ்க்கைமுறை என்று போகும் பட்டியல். பட்டியலில் புதுமை ஒன்றும் இல்லை, எந்த நாட்டு அறிக்கையிலும் பார்க்கலாம்.

எனக்குப் பிடித்தது அவர்கள் பிடித்த சொல். பின்னிஷ் மொழியில் இதற்கு ‘சிட்டோமுஸ்’ என்பார்கள். கட்டுவது, பிணைப்பது என்ற பொருளுள்ள வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. அதோடு சமூகம் என்ற சொல்லைச் சேர்த்து ஒரு நீண்ட சொல்லாக்கியிருக்கிறார்கள். தமிழில் அதற்குப் பக்கத்தில் வரும் சொல் ‘ஊர்க்கட்டுப்பாடு’தான். ஒரு வித்தியாசம்: நம் பக்கத்து ஊர்க்கட்டுப்பாட்டை மீறினால் அபராதம் உண்டு, ஒருகாலத்தில் ஊரைவிட்டுத் தள்ளியும் வைத்தார்கள். அதன் கொடுமை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே தள்ளிவைப்பதும் இல்லை, அபராதமும் இல்லை. நிறைவேற்றாவிட்டால் ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது.

பிறகு அதில் என்ன கட்டு இருக்கிறது என்று கேட்பீர்கள். வாக்குக் கொடுப்பவர் யாராக இருந்தாலும், கம்பெனியோ பள்ளியோ தனிமனிதரோ, சில நிபந்தனைகள் உண்டு. ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதை எழுதிக் கொடுக்கக் கூடாது, புதிதாக ஏதாவது செய்ய வேண்டும். அதை அளக்க முடிய வேண்டும். முடிக்கும் தேதி போட வேண்டும். எல்லாரும் பார்க்கும்படி பதிவாக வேண்டும், எவ்வளவு ஆயிற்று என்று பிறகு சொல்ல வேண்டும். காலைக் கூட்டத்து உறுதிமொழிக்கும் இதற்கும் வேறுபாடு அளவுகோலில்தான். ‘உணவை வீணாக்க மாட்டேன்’ என்பது உறுதிமொழி. ‘ஒரு தட்டுக்கு இத்தனை கிராம் மிச்சம் விழுகிறது, அடுத்த மே மாதத்துக்குள் அதில் பாதி’ என்பது சிட்டோமுஸ்.

பின்லாந்தில் பள்ளி மதிய உணவு எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம், 1948-லிருந்து. பிள்ளைகளே வரிசையில் நின்று வேண்டியதை வேண்டிய அளவு எடுத்துக்கொள்கிறார்கள். சாப்பிட்டு முடித்துத் தட்டைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் மிச்சத்தைக் கொட்ட ஒரு வாளி. பல பள்ளிகளில் அந்த வாளியைத் தராசில் ஏற்றி, அன்றைய எடையைப் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதிப் போடுகிறார்கள். உருளைக்கிழங்கும் மீனும் போட்ட நாளில் எவ்வளவு, கீரை அப்பம் போட்ட நாளில் எவ்வளவு என்று சமையற்காரர்களுக்கும் விளங்கிவிடும். நேற்றைவிட இன்று குறைவா என்று பார்க்க ஒன்பது வயதுப் பையனுக்கு எந்த அறிக்கையும் தேவையில்லை.

இது அவர்களுக்குப் புதிய பழக்கமும் அல்ல. ‘தல்கோத்’ என்று ஒன்று உண்டு, கூலியில்லாமல் கூடிச் செய்யும் வேலை. வசந்தம் வந்து பனி உருகியதும் அடுக்குமாடிக்காரர்கள் ஒரு நாள் குறித்து, ஆளுக்கொரு வாருகோலுடன் இறங்கி முற்றத்து இலைச்சருகை வாரிக் குவிப்பார்கள். வேலை முடிந்ததும் காபி, சுட்ட சாசேஜ். வராதவரை யாரும் திட்டுவதில்லை. ஆனால் வராதவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். 2013-ல் வந்த ஏற்பாடு இந்தப் பழக்கத்தின் மேல் நிற்கிறது. அதனால், இதை அப்படியே படியெடுத்து வேறு நாட்டில் ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

ஆட்சி மாற்றம் பற்றிக் கேட்டீர்கள். அந்த ஆவணம் வந்தபோது பிரதமர் கட்டாய்னென். பிறகு ஸ்டுப், சிப்பிலா, ரின்னே, மரின், ஓர்ப்போ. மொத்தம் ஆறு பிரதமர்கள். மத்தியக் கட்சி, சோஷியல் டெமாக்ரட், வலதுசாரி என்று கட்சிகளும் மாறின. இலக்குகள் கிழிபடவில்லை. 2015-ல் ஐ.நா.வின் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகள் வந்தபோது 2016-ல் அவற்றுக்கேற்பத் திருத்தினார்கள்.

அதற்குக் காரணம் அவர்கள் நல்லவர்கள் என்பதல்ல. சில ஆணிகள் முன்பே அடிக்கப்பட்டிருந்தன. இயற்கைக்கும் அதன் பல்லுயிருக்கும் பொறுப்பு எல்லாருடையது என்று அவர்கள் அரசியலமைப்பின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. நாடாளுமன்றத்தில் எதிர்காலத்துக்கென்றே ஒரு குழு 1993-லிருந்து இருக்கிறது, 2000-ல் அதை நிரந்தரமாக்கினார்கள். எல்லாக் கட்சியிலிருந்தும் 17 உறுப்பினர்கள். ஒவ்வொரு ஆட்சிக்காலத்திலும் அரசு எதிர்கால அறிக்கை ஒன்றை வைத்தாக வேண்டும், இந்தக் குழு அதற்குப் பதில் எழுதும். எதிர்க்கட்சிக்காரரும் உட்கார்ந்து எழுதிய வரியை அவரே ஆட்சிக்கு வந்து அழிப்பது கஷ்டம். என்னைக் கேட்டால், முழு ஏற்பாட்டிலும் கெட்டிக்காரத்தனமான பகுதி இதுதான். 2050 என்ற எண் அலங்காரம்.

சரி, பலன்? காட்டையும் மண்ணையும் சேர்க்காமல் கணக்கிட்டால் 1990-ல் பின்லாந்து வெளியிட்ட பசுங்குடில் வாயு சுமார் 7 கோடி டன், 2023-ல் சுமார் 4 கோடி டன். எரிசக்திக்காக நிலக்கரி எரிப்பதை 2029 மே மாதத்திலிருந்து தடைசெய்து 2019-லேயே சட்டம் போட்டார்கள். ஹெல்சிங்கியில் கடலோரம் நின்ற ஹனசாரி நிலக்கரி ஆலை 2023-லும் சால்மிசாரி 2025-லும், தடை வருவதற்கு முன்பே அணைந்தன.

ஆனால் இதைப் பிள்ளைகளின் கையெழுத்துக்கு வரவு வைக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் கார்பனுக்கு வைத்த விலை, உள்நாட்டு எரிபொருள் வரி, அந்தத் தடைச்சட்டம் ஆகியவைதான் நிலக்கரியை விரட்டின. வாக்குறுதி செய்தது, இந்த வரியும் சட்டமும் ஆட்சி மாறினாலும் கைவிடப்படாமல் பார்த்துக்கொண்டது என்று வேண்டுமானால் சொல்லலாம். அதுவும் என் ஊகம்.

இனி அந்தக் கட்டு அவிழும் இடம். 2022-ல் வந்த பருவநிலைச் சட்டப்படி 2035-க்குள் கார்பன் சமநிலை எட்ட வேண்டும். கணக்கு எளிமையானது. புகையைக் குறைப்பது போக மீதியைக் காடு உறிஞ்சிக்கொள்ளும், ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்குக் குறையாமல். நிலப்பரப்பில் நாலில் மூன்று பங்கு காடு உள்ள நாடு, இதற்கு என்ன கவலை என்றுதான் எல்லாரும் இருந்தார்கள். அதே 2022 முடியும்போது முந்தைய ஆண்டின் கணக்கு வந்தது. காடும் மண்ணும் விவசாய நிலமும் சேர்ந்த நிலத்துறை, உறிஞ்சியதைவிட அதிகமாக வெளியே விட்டிருந்தது.

மரம் வெட்டு அதிகம், மரத்தின் வளர்ச்சியும் மந்தம். போதாததற்குச் சதுப்பு நிலம். பின்லாந்தின் கரிமண் சதுப்புகளில் பாதிக்கு மேல், பெரும்பாலும் மரம் வளர்க்கவென்று, வாய்க்கால் வெட்டி வடித்தவை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீருக்குள் மக்காமல் கிடந்த கரிமண் காற்றுப்பட்டு மட்கிப் புகையாகிக்கொண்டே இருக்கிறது. 2022-ல் உக்ரைன் போர் வந்ததும் ரஷ்ய மர இறக்குமதி நின்றது, காகித ஆலைகளும் மர ஆலைகளும் உள்நாட்டுக் காட்டையே நம்ப வேண்டியதாயிற்று.

காட்டின் பெரும்பகுதி குடும்பங்களுடையது. சுமார் 6 லட்சம் உடைமையாளர்கள், அந்த நாட்டின் மக்கள்தொகையே 56 லட்சம்தான். மகன் படிப்புக்கோ வீடு கட்டவோ நாலு ஏக்கர் மரத்தை விற்பவரிடம் போய் ‘வெட்டாதே’ என்று சொல்ல எந்தக் கட்சிக்கும் துணிச்சல் இல்லை. தட்டில் மிச்சம் வைக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போடுவது யாருடைய வருமானத்தையும் தொடுவதில்லை, இது தொடுகிறது. இரண்டு சூழல் அமைப்புகள், அரசு தன் சட்டத்தையே காப்பாற்றவில்லை என்று உச்ச நிர்வாக நீதிமன்றம் போயின. 2023-ல் நீதிமன்றம் மனுவை ஏற்கவில்லை.

இன்னொன்று. ஐ.நா. இலக்குகளைக் கொண்டு நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியலில் பின்லாந்து 2021-லிருந்து ஆண்டுக்காண்டு முதலிடம். அதே பின்லாந்துக்காரர் போல உலகத்தில் எல்லாரும் வாழ்ந்தால் மூன்றரை பூமிக்கு மேல் வேண்டும். இரண்டும் உண்மைதான். பட்டியலை மட்டும் காட்டுபவர்களிடம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

அதற்காகப் பேரனிடம் ‘இதெல்லாம் சும்மா’ என்று சொல்லிவிடாதீர்கள். அடுத்த தடவை பேசும்போது, கையெழுத்துப் போட்ட வாரம் வாளி எத்தனை கிலோ இருந்தது, இந்த வாரம் எத்தனை என்று கேளுங்கள். எண் சொன்னான் என்றால் அந்தப் பள்ளி நிஜமாகத்தான் செய்கிறது. “தெரியல ஆச்சி” என்றால், தராசு எங்கே இருக்கிறது என்று நாளைக்கு டீச்சரிடம் கேட்கச் சொல்லுங்கள்.