கம்பளி போர்த்திய யானை

மலிவான பூதப் படம் என்றவுடன் நம்மிற் பலர் முகம் சுளிக்கின்றனர். வேறு சிலர் அட்டை மலையையும் ரப்பர்ப் பல்லையும் எள்ளி நகையாடுவதற்கென்றே அத்தகைய படங்களைத் தேடிப் பிடித்துப் பார்க்கின்றனர். முன்னவர்க்கு நான் விடை கூறப் போவதில்லை. பின்னவரோடுதான் எனக்கு வழக்கு. அண்மையில் விடுதியில் ‘ஜகன்மோகினி’யைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, “இதையும் நம்பினார்களே பட்டிக்காட்டு மக்கள்!” என்று நண்பர் ஒருவர் சிரித்தார். அந்தப் பட்டிக்காட்டு மக்களுள் என் அம்மிச்சியும் ஒருவர். ஆதலால் இக்கட்டுரை எழுத நேர்ந்தது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் இடங்களை நந்நான்காகக் கூறுகின்றார். அச்சம் பிறக்கும் இடங்களுள் அணங்கும் விலங்கும் உண்டு. பூதப் படங்களுக்கு இவ்விரண்டே முதல். வியப்பாகிய மருட்கைக்குரிய இடங்களுள் பெருமையும் ஆக்கமும் உண்டு. அளவிறந்த உருவமும், ஒன்று மற்றொன்றாக மாறுவதும் என்று அவற்றைக் கொள்ளலாம். நகைக்கோ எள்ளலையும் இளமையையும் வேறு வேறாக வைத்தார். இந்த வேறுபாட்டைத்தான் நம் நண்பர்கள் மறந்துவிடுகின்றனர். தடுக்கி விழுந்தவனைக் கண்டு கைகொட்டுவதும் நகை; குழந்தை போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு “நான் புலி” என்று உறுமும்போது நாம் சிரிப்பதும் நகை. இரண்டும் ஒன்றாகுமா? பின்னதில், சிரித்துக்கொண்டே சற்று அஞ்சியும் காட்டுகிறோம் அல்லவா?

போர்வை என்றேன். மெய்யாகவே போர்வையை நம்பி எடுத்த படம் ஒன்று நம் சேலத்தில் பிறந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் அமெரிக்கரோடு கூட்டுச் சேர்ந்து 1952இல் வெளியிட்ட அப்படத்திற்குத் தமிழில் ‘காடு’ என்றும் ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’ என்றும் பெயர். வில்லியம் பெர்க் இயக்கினார். ராட் காமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் ஆகியோர் கடல் கடந்து வந்து நடித்தனர். காட்டு விலங்குகள் வெறிகொண்டு ஓடி வந்து ஊர்களை அழிக்கின்றன. காரணம் தேடிப் புறப்படுகிறது ஒரு கூட்டம். படம் முடியுந் தறுவாயில் காரணம் வெளிப்படுகிறது: பனிக் காலத்தில் வாழ்ந்த மாமூத் என்னும் கம்பளி யானைகள்! மாமூத்துக்கு எங்கே போவது? நாட்டு யானைகளுக்கே சடை மயிரைப் போர்த்திக் கொண்டுவந்து நிறுத்திவிட்டனர். ஆங்கிலப் படத்தைப் பார்த்த எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யானைகள் நடக்கத் தொடங்கியதும் சிரிப்பு அடங்கியது. வாளையாற்றுக் காட்டோரம் யானை வந்ததென்றால் எங்கள் பக்கத்தில் எவரும் சிரிப்பதில்லை. மயிர் பொய்; யானையின் நடை மெய். (வேடிக்கை என்னவென்றால், மாமூத்துக்கு நெருங்கிய உறவு ஆப்பிரிக்க யானையன்று, நம் ஆசிய யானையே என்று மரபணு ஆராய்ச்சி பின்னாளில் கண்டது. சேலத்தார் ஆள் தேர்வில் பிழை செய்யவில்லை!)

பிற நாட்டாரும் இவ்வாறே செய்தனர். 1953இல் ‘ரோபோ மான்ஸ்டர்’ எடுத்த அமெரிக்கர், கொரில்லா உடைமேல் நீர்மூழ்குவோர் அணிவது போன்ற தலைக்கவசத்தைக் கவிழ்த்து, வேற்றுலகப் பகைவன் என்றனர். 1954இல் ஜப்பானியர் ‘காட்சில்லா’வைப் படைத்தபோது, பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம் பிடிக்கக் காலமும் பணமும் போதவில்லை. எனவே ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள உடைக்குள் ஒரு மனிதரை இறக்கிவிட்டனர். அந்த மனிதரின் தளர்ந்த நடையே பூதத்தின் நடையாயிற்று.

உள்ளே ஆள் இருப்பதை அறிந்தும் நாம் எங்ஙனம் அஞ்சுகிறோம்? விடைக்கு ஜப்பான் வரை போக வேண்டா. எங்கள் பாலக்காட்டு மாவட்டத்தில் பகவதி கோயில்களை அடுத்துக் கூத்துமாடங்கள் உண்டு. 21 விளக்குகளை ஏற்றி, திரைக்குப் பின்னே தோற்பாவைகளை ஆட்டி, கம்பன் பாடல்களைப் பாடி, மலையாளம் கலந்த உரை சொல்வர் புலவர். கும்பகருணனைக் கம்பர் மலையாக நிறுத்துகிறார். திரையில் வருவதோ துளையிட்ட சில சாண் தோல். தோலையும் கோலையும் அறியாதவர் அங்கே யார்? குறையை நிரப்பும் வேலையைக் காண்பவர் தாமே ஏற்றுக்கொள்கின்றனர். குறை பெரிதாயின் அவர் பங்கும் பெரிதாகிறது. எள்ளி நகைப்பவர் அந்தப் பங்கைச் செலுத்தாமல் இருப்பவர் என்பது என் கருத்து. அவருக்காகவே இக்காலத்தில் வேண்டுமென்று கேவலமாக எடுக்கும் படங்களும் உண்டு. சூறாவளி சுறாமீன்களை வாரி இறைக்கும் ‘ஷார்க்நாடோ’ (2013) எனக்குக் கொட்டாவியைத்தான் தந்தது.

இனி ‘ஜகன்மோகினி’. கன்னட நாட்டில் பிறந்து தெலுங்குப் படவுலகில் மாயக் கதைகளால் பெயர்பெற்ற பி. விட்டலாச்சார்யா (1920–1999) 1978இல் எடுத்தது. தமிழிலும் குரல் மாற்றி வந்தது. பேய் அடுப்பருகே அமர்கிறது. விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் நீட்டி எரிக்கிறது. விடுதியில் நண்பர் சிரித்தது இக்காட்சிக்குத்தான்.

விடுமுறையில் வடகரப்பதிக்குச் சென்றபோது அம்மிச்சியிடம் கேட்டேன்: “நீங்க அத நம்புனீங்களா அம்மிச்சி?”

“காலு எரிஞ்சா சோறு வேகாதுன்னு எனக்குத் தெரியாதா கண்ணு? அன்னாடும் பொழுதோட தோப்புக்குள்ள போயி மட்டையும் பன்னாடையும் பொறுக்கீட்டு வந்தவ நானு. மழக்காலத்துல ஊதி ஊதிக் கண்ணு எரியும். அவ காலை நீட்டுனதும் கொட்டாயில இருந்த பொம்பளைங்க அத்தன பேரும் கைதட்டிச் சிரிச்சோம்.”

மணல் தரையில் அமர்ந்திருந்த அப்பெண்களுக்குப் படத்தின் தந்திரம் பொருட்டன்று. விறகு தேடாமல் எரியும் ஓர் அடுப்பு, அவர்கள் நாள்தோறும் நினைத்துப் பார்த்த ஒன்று. ஆக்கம் என்ற மருட்கை, பேய் என்ற அச்சம், ஈர விறகின் புகையை அறிந்தவர்க்கே உரிய நகை, மூன்றும் அந்த ஒரே அடுப்பில் வெந்தன. மாடியில் எரிவாயு அடுப்பு எரியும் விடுதியிலிருந்து பார்த்த நாங்கள் கால் பொய் என்பதை மட்டும் கண்டுபிடித்தோம்.

“பயமா இல்லியா?” என்றேன்.

“பயமாத்தான் இருந்துச்சு. ஆனா சேலையில நெருப்புப் புடிக்காம பாத்துக்கிட்டா பாரு, சூதானமான புள்ள” என்றார் அம்மிச்சி.