உராய்வு: ஈர வீதியில் சைக்கிளோட்டப் போட்டி

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று பதுளை மாவட்டத்து நமுனுகுல மலைப்பாதைகளை நனைக்கும். அங்கு போட்டியில் ஓடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

வினா: அவரது வேகம் செக்கனுக்கு 10 மீற்றர். பிறேக் பிடித்ததும் சீரான அமர்முடுகலுடன் காய்ந்த வீதியில் 2 செக்கனிலும், ஈர வீதியில் 4 செக்கனிலும் ஓய்வுக்கு வருகிறார் எனின், சென்ற தூரங்கள் யாவை?

விடை: வேக–நேர வரைபின் கீழுள்ள முக்கோணப் பரப்பு தூரத்தைத் தரும்.
காய்ந்த வீதி: ½ × 2 × 10 = 10 மீற்றர்
ஈர வீதி: ½ × 4 × 10 = 20 மீற்றர்

காரணம்: நீர்ப்படலம் டயருக்கும் வீதிக்கும், பிறேக் இறப்பருக்கும் சில்லு விளிம்புக்கும் இடையிலான உராய்வைக் குறைக்கிறது. வளைவில் திரும்பத் தேவையான விசையையும் டயருக்கும் வீதிக்கும் இடையிலான உராய்வே வழங்குகிறது. எனவே வளைவினுள் பலமாகப் பிறேக் பிடித்தால் டயர் வழுக்கும்; வீரர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தல் வேண்டும்.

கவனிக்க: "வழுக்கும்" என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், உராய்வு குறைவதைக் காரணமாக எழுதுங்கள்.