ஒடுக்கு எடுக்கலாம், பெயிண்டு உரியாமல்!

அலுமினியக் குண்டான் ஒன்று கைதவறிக் கீழே விழுகிறது. அதன் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்துவிடுகிறது. இதைத்தான் ஒடுக்கு என்கிறோம். பாத்திரக்காரர் உள்ளேயிருந்து மரச்சுத்தியால் நாலு தட்டுத் தட்டி நிமிர்த்திக் கொடுத்துவிடுகிறார்.

இதே ஒடுக்கு மோட்டார் காரின் கதவில் விழுந்தால்? டிங்கரிங் பட்டறையில் தகட்டைத் தட்டி நிமிர்த்துவார்கள். மிச்சமுள்ள பள்ளத்தைப் பட்டி வைத்து நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பெயிண்டு அடிப்பார்கள். ஆனால் பெயிண்டைத் தொடாமலேயே ஒடுக்கு எடுக்கும் முறை ஒன்றும் இருக்கிறது. ஒரு கைவினைஞர், சில கம்பிகள், ஒரு விளக்கு: இவ்வளவே போதும்.

1984 ஜூலை 12 அன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் கடும் ஆலங்கட்டி மழை பெய்தது. ஏறத்தாழ 2 லட்சம் கார்கள் சேதமடைந்தன. ஆலங்கட்டி விழுந்த காரைப் பார்த்தால் கூரையெங்கும் ஆழமில்லாத சிறு சிறு குழிகள் இருக்கும். பல குழிகளில் பெயிண்டு சிறிதும் விரிசல் கண்டிருக்காது. இத்தகைய சேதத்துக்கு இன்று பல நாடுகளிலும் கையாளப்படுவது இந்த முறைதான். இதன் இரகசியம் உங்கள் பௌதிகப் பாடத்திலேயே இருக்கிறது. வாருங்கள், பார்ப்போம்.

பெயிண்டை ஏன் காப்பாற்ற வேண்டும்?

கார்ப் பெயிண்டு அழகுக்காக மட்டும் பூசப்படுவதில்லை. இரும்பைத் துருவிலிருந்து காக்கும் கவசமும் அதுவே. தொழிற்சாலையில் வெறும் கூடாக இருக்கும்போதே காரைப் பெயிண்டுத் தொட்டியில் முக்கி, மின்சாரத்தின் உதவியால் முதல் பூச்சைப் படிய வைக்கிறார்கள். பிறகு சுமார் 170 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதைச் சுட்டு இறுக வைக்கிறார்கள். அதன்மேல் இன்னும் சில பூச்சுகள் வருகின்றன. எல்லாம் சேர்ந்து சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிப்பே இருக்கும்.

பட்டறையில் அந்தச் சூட்டைக் கொடுக்க முடியுமா? முடியாது. கண்ணாடி, ரப்பர், மின்கம்பி எல்லாம் பொருத்தப்பட்ட கார் அதைத் தாங்காது. அங்கே சுமார் 60 டிகிரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆகவே முதல் பெயிண்டை இழந்தால், அதற்கு முற்றிலும் ஈடான ஒன்றைத் திரும்பப் பெறுவது கடினம்.

தகட்டின் ஞாபகம்

ஒரு கட்டுக்கம்பியை எடுத்து இலேசாக வளைத்து விடுங்கள். அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இதுவே மீட்சிப்பண்பு. அதிகமாக வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். மீட்சி எல்லையைக் கடந்துவிட்டது என்பது இதன் பொருள். காரில் பயன்படும் எஃகுத் தகட்டின் மீட்சி எல்லை சுமார் 0.1 சதவீதம். அதாவது ஒரு மீட்டர் நீளத் தகட்டை ஒரு மில்லிமீட்டர் வரை இழுத்து விட்டால் அது திரும்பச் சுருங்கிவிடும். அதற்கு மேல் இழுத்தால் நிரந்தரமாக நீண்டுவிடும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 100 மில்லிமீட்டர் அகலமும் 1 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள ஓர் ஒடுக்கை எடுத்துக்கொள்வோம். எளிமைக்காக அதன் குறுக்குவெட்டை 'வ' எழுத்தின் அடிபோல் வளைக்காமல், நடுவில் சந்திக்கும் இரண்டு நேர்ச் சரிவுகளாகக் கொள்வோம். ஒவ்வொரு சரிவும் ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணம். பித்தாகரஸ் தேற்றப்படி அதன் நீளம் 50.01 மில்லிமீட்டர். முன்பு 50 ஆக இருந்தது 50.01 ஆகியிருக்கிறது. நீட்சி 0.02 சதவீதமே. மீட்சி எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறது!

அப்படியானால் ஒடுக்கு தானாகவே நிமிர்ந்திருக்க வேண்டுமல்லவா? ஏன் நிமிரவில்லை? அதன் விளிம்பைப் பாருங்கள். அங்கே தகடு சுருக்கென மடிந்திருக்கிறது. தகட்டின் தடிப்பு 0.7 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அது 100 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவாக வளைந்தாலே, வெளிப்பக்கம் 0.35 சதவீதம் நீண்டுவிடும். எல்லையைப் போல் மூன்றரை மடங்கு! அடிபட்ட நடுப்புள்ளியிலும் இப்படியே நேரலாம்.

ஆகவே ஒடுக்கின் பெரும்பகுதி பழைய வடிவத்துக்குத் திரும்பத் துடித்துக்கொண்டிருக்கிறது. எல்லை கடந்த சிறு பகுதியே பூட்டுப்போல் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கைவினைஞர் செய்வதெல்லாம் அந்தப் பூட்டைத் திறப்பதுதான். பூட்டு எங்கே என்று அறியாமல் நடுவில் ஓங்கிக் குத்தினால், நீளாத தகடும் நீண்டுவிடும்.

கருவிகள்

முதல் கருவி, நீண்ட எஃகுக் கம்பி. முனை கூராகவும் உருண்டையாகவும் தட்டையாகவும் பல வகைகளில் இருக்கும். கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையே ஓர் ஆப்பைச் செருகி, அந்த இடைவெளி வழியே கம்பியை உள்ளே விடுவார்கள். கம்பி ஒரு நெம்புகோல். ஆதாரப்புள்ளியிலிருந்து கைப்பிடி 60 சென்டிமீட்டரும் முனை 15 சென்டிமீட்டரும் இருந்தால் இயந்திர லாபம் 4. விசை நான்கு மடங்காகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. கை 4 மில்லிமீட்டர் நகர்ந்தால் முனை 1 மில்லிமீட்டர்தான் நகரும். இந்த நிதானமே இங்கு முக்கியம்.

இரண்டாவது, நைலான் முளையும் சிறு சுத்தியும். ஒடுக்கைச் சுற்றி மேடாகப் புடைத்திருக்கும் விளிம்பை வெளியிலிருந்து மெல்லத் தட்டி அடக்க இவை பயன்படும்.

மூன்றாவது, பிசின். உள்ளே கம்பி நுழைய வழியில்லாத இடத்தில், சூட்டில் உருகும் பிசினால் ஒரு பிளாஸ்டிக் குமிழை ஒடுக்கின்மேல் ஒட்டி வெளிப்புறமாக இழுப்பார்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றினால் பிசின் பெயிண்டை விட்டு எளிதில் பிரிந்துவிடும்.

விளக்குதான் கண்

பளபளக்கும் கார்த் தகடு ஓர் ஆடி. கைவினைஞர் ஒடுக்கைப் பார்ப்பதில்லை; அதில் தெரியும் விளக்கின் பிம்பத்தையே பார்க்கிறார். கோடு கோடாக ஒளிரும் விளக்கை எதிரே வைத்தால், சமமான இடத்தில் கோடுகள் சீராகத் தெரியும். ஒடுக்கில் அவை நெளியும்.

ஆடி ஒரு கோணம் திரும்பினால், எதிரொளிக்கும் கதிர் அதைப்போல் இருமடங்கு திரும்பும். நமது ஒடுக்கின் சரிவு 50-க்கு 1, அதாவது சுமார் 1.15 டிகிரி. கதிர் 2.3 டிகிரி திரும்புகிறது. ஒரு மீட்டர் தொலைவில் அது சுமார் 4 சென்டிமீட்டர் விலகிவிடும். ஒரு மில்லிமீட்டர் பள்ளம் 4 சென்டிமீட்டர் விலகலாகத் தெரிகிறது! நுண்ணோக்கி இல்லாமலேயே எவ்வளவு நுட்பம் பாருங்கள்.

வேலை நடக்கும் விதம்

தகடு குளிர்ந்திருந்தால் முதலில் சூடான காற்றால் இதமாக்குவார்கள். குளிரில் பெயிண்டு முறுகி வெடிக்கும். வெதுவெதுப்பில் வளைந்து கொடுக்கும். பிறகு விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, சிறு சிறு அழுத்தங்களாக, பலமுறை தள்ளுவார்கள். ஒவ்வொரு தள்ளலுக்குப் பின்னும் பிம்பத்தில் கோடு எவ்வளவு நேரானது என்று பார்ப்பார்கள். அவசரப்பட்டால் பள்ளம் மேடாகிவிடும்.

எங்கே பலிக்காது?

நமது கணக்கில் ஆழத்தை 5 மில்லிமீட்டர் ஆக்கிப் பாருங்கள். நீட்சி 0.5 சதவீதம் ஆகிவிடும். இப்போது தகடு முழுவதுமே எல்லையைக் கடந்துவிட்டது. நீண்ட தகட்டுக்குப் பழைய இடம் போதாது. அழுத்தினால் தகர மூடிபோல் இப்படியும் அப்படியும் 'டக் டக்' என்று துள்ளும். கைதேர்ந்தவர்களுக்கும் இது கடினமான வேலை. பெயிண்டு வெடித்திருந்தாலோ முறை பயன்படாது. வெடிப்பின் வழியே நீர் இறங்கித் துருப்பிடிக்கும். அங்கே பட்டறை வேலைதான் சரி. எது முடியும், எது முடியாது என்று வேலையைத் தொடங்கும் முன்பே சொல்லத் தெரிந்தவரே நல்ல கைவினைஞர்.

செய்து பாருங்கள்

1. கட்டுக்கம்பியை நடுவில் நன்றாக மடித்துவிட்டு, இரு நுனிகளையும் பிடித்து நேராக்க முயலுங்கள். மடிந்த இடம் எளிதில் நிமிராது. அதன் இருபுறமும் புதிய வளைவுகள் தோன்றும். மடிந்த இடத்தில் உலோகம் இறுகிக் கெட்டியாகிவிட்டதே காரணம். ஒடுக்கின் விளிம்பை ஏன் முதலில் கவனிக்கவேண்டும் என்பது இப்போது விளங்குகிறதா?

2. பளபளப்பான எவர்சில்வர் தட்டின் பின்புறத்துக்கு எதிரே கோடு போட்ட நோட்டுத் தாளைப் பிடியுங்கள். கோடுகளின் பிம்பம் நெளியும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அங்கே விரலால் தடவிப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத ஒடுக்குகள் எத்தனை கண்ணுக்குத் தெரிந்தன?

சிந்தியுங்கள்

ஒரே 1 மில்லிமீட்டர் ஆழம். ஆனால் ஒடுக்கின் அகலம் 100-க்குப் பதில் 20 மில்லிமீட்டர். நீட்சி எவ்வளவு? இந்த ஒடுக்கை எடுப்பது எளிதா, கடினமா? பித்தாகரஸ் தேற்றத்தைக் கொண்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.