தாவீது வரலாறும் சிறார் வாசிப்பும்

விவிலியத்தில் தாவீதின் வாழ்வு 1 சாமுவேல் 16 முதல் 1 அரசர்கள் 2 வரை விரிகிறது. அதனைச் சிறார்க்கெனச் சுருக்குவோர், கோலியாத்தை வீழ்த்திய வெற்றியை முன்னிறுத்தி, உரியாவுக்கு இழைத்த கொடுமையை விட்டுவிடுவதுண்டு. அவ்வாறு விடுபடின் எஞ்சுவது வீரக்கதை. வாழ்க்கை வரலாறு அன்று.

குற்றத்தை மறைக்காத மூலநூலே அதனைச் சிறார்க்கு உரைக்கும் வழியையும் காட்டுகிறது. 2 சாமுவேல் 12-இல் இறைவாக்கினர் நாத்தான், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வந்தன் பறித்த கதையைக் கூறுகிறார். இளமையில் ஆடு மேய்த்த தாவீது சினந்து தீர்ப்பளிக்கிறான். அச்செல்வந்தன் தானே என்றறிந்ததும் பாவத்தை ஒப்புக்கொள்கிறான்.

சிறார் அகவைக்கு ஒவ்வாத செய்திகளைத் தவிர்த்தாலும், பறித்தல், தீர்ப்பு, ஒப்புதல் ஆகிய மூன்றையும் இக்கதைவழிக் கற்பிக்க இயலும். அரசனும் அறத்திற்குக் கட்டுப்பட்டவன், தவறியவனும் தன் தவற்றை ஏற்கலாம் என்னும் தெளிவைக் குறை நீக்கப்பட்ட வரலாறு தருவதில்லை.