திகிலும் சாமியும் ஒரே அலமாரியில்

அன்புள்ள மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. தெருவில் சும்மா கிடந்த அறையை வெள்ளையடித்து நூலகமாக்கப் போகிறீர்கள் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. வாசகர்கள் இரண்டே வகைதான், பாதிப் பேர் "திகில் கதை இருக்கா?" என்கிறார்கள், மீதிப் பேர் "சாமி புத்தகம் இருக்கா?" என்கிறார்கள், எதை எத்தனை வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். அச்சாபீசில் புரூப் பார்த்தே தலை நரைத்தவனிடம் கேட்டால் பட்டியல் நீளமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்று சொல்கிறேன். அந்த இரண்டுக்கும் தனித்தனி அலமாரி போடாதே. நம் பழைய கதைகளில் திகிலையும் பக்தியையும் யாரும் பிரித்து வைக்கவில்லை. நம்பவில்லை என்றால் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 'பழி அஞ்சின படலம்' எடுத்துப் பார். அசல் துப்பறியும் கதை அது.

திருப்பத்தூரிலிருந்து மதுரைக்கு ஒரு பிராமணன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் நடந்து வருகிறான். அவளை ஓர் ஆலமரத்தடியில் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போகிறான். திரும்பி வந்தால் அவள் வயிற்றில் அம்பு தைத்துச் செத்துக் கிடக்கிறாள். மரத்தின் மறுபக்கம் வில்லும் அம்புமாக ஒரு வேடன் இளைப்பாறிக்கொண்டிருக்கிறான். வேறு சாட்சி வேண்டுமா? அவனை இழுத்துக்கொண்டு போய்க் குலோத்துங்க பாண்டியன் முன் நிறுத்துகிறார்கள். அடித்துக் கேட்டும் வேடன் "நான் கொல்லவில்லை" என்ற ஒரே சொல்லில் நிற்கிறான். ராஜாவுக்கோ மனசு ஒப்பவில்லை. சொக்கநாதரிடம் போய் முறையிடுகிறான். 'இன்று இரவு வணிகர் தெருவில் ஒரு கல்யாண வீடு, அந்தப் பிராமணனோடு அங்கே போ' என்று குரல் கேட்கிறது. இருவரும் போய் ஒதுங்கி நிற்கிறார்கள். யாருக்கும் தெரியாமல் எமனுடைய ஆட்கள் இரண்டு பேர் அங்கே பேசிக்கொண்டிருப்பது இவர்கள் காதில் மட்டும் விழுகிறது. மாப்பிள்ளைக்கு நோய் நொடி ஒன்றுமில்லையே, எப்படிக் கொண்டுபோவது என்கிறான் ஒருவன். காலையில் ஆலமரத்தில் என்றைக்கோ சிக்கிக் கிடந்த அம்பைக் காற்றில் உதிர்த்து அந்தப் பெண்ணை எடுத்தோமே, அதுபோல மேளச் சத்தத்தில் மாட்டை மிரள வைத்தால் ஆயிற்று என்கிறான் மற்றவன். அப்புறம் என்ன நடந்தது என்பதை நான் சொல்லப் போவதில்லை. உன் தெருப் பையன்கள் படிக்கட்டும்.

தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்துவிட்டுக் குற்றவாளியைச் சரியாகக் காட்டிவிடுவார். அவருக்குத் தவறிவிடுமோ என்ற பயமே கிடையாது. இந்தப் பாண்டியனுக்கு அந்தப் பயம் மட்டும்தான் இருக்கிறது. குற்றமில்லாதவனைத் தண்டித்த பழி வந்துவிடுமோ என்று நடுங்குகிறான். கதையின் திகிலும் பக்தியும் அந்த ஒரு நடுக்கத்திலிருந்தே பிறக்கின்றன. இதோடு சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையையும் சேர்த்துக் கொடு. அதுவும் அதே மதுரைதான். அங்கே இன்னொரு பாண்டியன் பொற்கொல்லன் சொன்னதை நம்பி, விசாரிக்காமல் கண்ணகியின் கணவனைக் கொல்ல ஆளை அனுப்பிவிட்டான். பத்தாவது பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் அவர்களாகவே சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை நடந்தால் உன் நூலகம் ஓடும்.

வயசு விஷயத்துக்கு வருகிறேன். அட்டையில் போட்டிருக்கும் வயசை நம்பாதே. எவ்வளவு நேரம் முடிச்சைத் தாங்க முடியும் என்று பார். ஏழு வயசுப் பிள்ளைக்கு ஒரே உட்காரலில் முடிச்சு அவிழ வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரி தூங்காது. பிரகலாதன் கதை போதும். எந்தத் தூணில் இருக்கிறான் என்று இரணியன் கேட்கிற இடத்தில், ஏற்கெனவே பலமுறை கேட்ட பிள்ளைகூட மூச்சைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் வளர்ந்ததும் விக்கிரமாதித்தன் வேதாளம். 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா அந்தக் கதைகளை வீடு வீடாகக் கொண்டுபோனது. பிணத்தைத் தோளில் சுமந்து சுடுகாட்டில் நடப்பதைவிடப் பயங்கரம் என்ன இருக்கிறது? ஆனால் ஒவ்வொரு கதையும் ஒரு கேள்வியில் முடிவதால் பிள்ளை பயத்தை விட்டுப் பதில் யோசிக்கப் போய்விடுகிறது.

சித்திரக்கதை வேண்டாம் என்று கமிட்டியில் யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்காதே. முத்து காமிக்ஸ் 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு புறப்பட்டது நம் சிவகாசியிலிருந்து. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த ஆளைத் தமிழ்நாடே துரத்திப் படித்தது. 1984-இல் லயன் காமிக்ஸும் இங்கிருந்துதான் வந்தது. சாமி காலண்டர் அடிக்கிற ஊர்தான் மாயாவியையும் அடித்துக் கொடுத்தது. நம் பிள்ளைகளுக்கு அது இல்லை என்றால் எப்படி?

பதினான்கு பதினைந்து வயசில் ஒரு மாற்றம் வரும். கொன்றது யார் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டாலும் விடாமல் படிப்பார்கள். அவர்களுக்குப் பெரிய புராணத்து மெய்ப்பொருள் நாயனார். முத்தநாதன் திருநீறு பூசி வருகிறான், கையில் சுவடிக்கட்டு, அதற்குள் கத்தி. அது நமக்குத் தெரியும், ராஜாவுக்குத் தெரியாது. அவர் ராணியையும் வெளியே போகச் சொல்லிவிட்டுப் பாடம் கேட்கக் கீழே உட்காருகிறார். குத்தியவனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்டி விட்டுவா என்று காவலன் தத்தனை அவர் அனுப்பும்போது உன் வாசகிக்குக் கோபம் வரும். வரட்டும். 'அதுதான் பக்தி' என்று விளக்கம் சொல்லி அதைக் கெடுத்துவிடாதே. நம் கரிசல் மண்ணின் பூமணி எழுதிய 'வெக்கை'யையும் அந்த வயசில் வைக்கலாம். கொலையைச் செய்துவிட்டு ஓடும் சிறுவன் சிதம்பரத்தோடு நாமும் ஓடுவோம். அதில் சாமியின் அற்புதம் ஏதும் கிடையாது.

காலேஜ் பிள்ளைகளுக்கு சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. பேயா விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் முட்டிக்கொள்வார்கள். பட்டாசு ஆலை வேலை முடிந்து களைத்து வருகிற அக்காமார்களுக்கு இந்திரா சௌந்தர்ராஜன். 'விடாது கருப்பு' சன் டிவியில் வந்தது அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எழுதியவர் 2024 நவம்பரில் மதுரையில் காலமானார். அவருடைய முடிவுகள் எல்லாம் எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் காவல் தெய்வத்தின் பெயரைச் சொன்னதும் ஊரே குரலைத் தாழ்த்துகிற அந்தச் சூழலை அவரைப்போல் எழுதியவர் குறைவு.

இந்துப் புத்தகம் மட்டும் வாங்கிவிட்டு நிறுத்தாதே. எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் இருக்கிறது. வேடனிடம் சிக்கிய பெண்மான், குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்கிறது. நபிகள் நாயகம் பிணையாக நிற்கிறார். மான் திரும்பி வருமா? உரைநடையில் சொல்லி வாசித்தால் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் கேட்கும். ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட கதை தமிழில் 'மோட்சப் பிரயாணம்' ஆனது. அதையே கிருஷ்ண பிள்ளை 1894-இல் இரட்சணிய யாத்திரிகமாகப் பாடினார். செய்யுள் கடினம், உரைநடையை வாங்கு. சந்தேகக் கோட்டையில் அடைபட்டவன், பூட்டைத் திறக்கும் சாவி தன்னிடமே இருந்ததை நினைவுகூரும் இடம் எந்த மர்மக்கதைக்கும் குறைந்ததல்ல.

பாட்டிமார்களுக்குப் பெரிய எழுத்துத் திருப்பாவை வாங்கு. பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள்தான், மனப்பாடம் என்பார்கள். இருந்தாலும் உரையோடு கூடிய பதிப்பாக வாங்கு. பறை வேண்டும், பறை வேண்டும் என்று முதல் பாட்டிலிருந்து கேட்டு வந்தவள், வாசல் வாசலாக எழுப்பிக்கொண்டு போய், இருபத்தொன்பதாம் பாட்டில்தான் வந்தது அந்தப் பறைக்காக அல்ல என்று சொல்கிறாள். கடைசிக்கு முந்தின பாட்டு வரை ரகசியத்தைக் காப்பாற்றியவள் அவள்.

இரண்டு எச்சரிக்கை. சாபம், தோஷம், இத்தனை நாள் படித்தால் பணம் கொட்டும் என்று மிரட்டியோ ஆசை காட்டியோ விற்கும் புத்தகங்களை யாராவது தானமாகக் கொடுத்தாலும் வாங்காதே. அவற்றில் திகிலும் போலி, பக்தியும் போலி.

அடுத்ததை யோசித்தே எழுதுகிறேன். உன் வாசகர்களில் வெடிவிபத்தில் ஆளைப் பறிகொடுத்தவர்கள் இருப்பார்கள். நான் தலையில் தூக்கி வைத்த பழி அஞ்சின படலம் அவர்களுக்கு ஆகாது. சாவை எமனின் ஆட்கள் முன்கூட்டியே திட்டம் போட்டார்கள் என்று அவர்கள் ஏன் படிக்க வேண்டும்? ஆறுதல் புத்தகம் என்று நீயாக எதையும் நீட்டாதே. கேட்டால் மட்டும், கடவுளையே நிறுத்திக் கேள்வி கேட்கும் விவிலியத்து யோபுவையோ, இந்த ஊரில் தெய்வம் உண்டா என்று கேட்ட கண்ணகியையோ எடுத்துக் கொடு. அவர்கள் சிரிப்புக் கதை கேட்டால் அதைக் கொடு, முகத்தைச் சுளிக்காதே.

முதல் மாதம் யார் எந்தப் புத்தகத்தைப் பாதியில் திருப்பிக் கொடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வை. எடுத்துப் போனதன் கணக்கைவிட எனக்கு அந்தக் கணக்குதான் வேண்டும். அடுத்த பட்டியலை அதை வைத்துப் போடுவோம்.

அன்புடன்,
சித்தப்பா