எழுபது நாற்காலி, ஒரு மைக் செட், உங்கள் கேரியர்

இன்டர்வியூவில் முதல் கேள்வி மாறுவதே இல்லை: ‘உங்களைப் பத்திச் சொல்லுங்க.’ ஊர், டிகிரி, பெர்சன்டேஜ் எல்லாம் சொல்லிவிட்டு ‘ஹார்ட் ஒர்க்கர் சார்’ என்று முடிப்பவர்கள்தான் அதிகம். எதிரே இருப்பவர் அதற்குள் அடுத்த ஃபைலைப் பார்க்கப் போயிருப்பார். ‘மனித உரிமை நாளுக்கு எங்க ஊர்ல ஒரு கூட்டம் நடத்தினேன் சார். எழுபது பேர் வந்தாங்க. பட்ஜெட் நாலாயிரம், மிச்சம் இருநூறு’ என்று சொல்லிப் பாருங்கள். நிமிர்ந்து உட்காருவார்.

பௌத்தம், ஆசியப் பண்பாடு, மனித உரிமை பற்றி ஊரில் நடக்கும் கூட்டங்களை வேலைவெட்டி இல்லாதவர்கள் போகிற இடம் என்று ஒதுக்காதீர்கள். ஈவென்ட் மேனேஜ்மென்ட், மேடைப்பேச்சு, கணக்கு, கான்டாக்ட் எல்லாம் ஃபீஸ் இல்லாமல் கிடைக்கும் இடம் அது. போடிநாயக்கனூரிலிருந்து, அதாவது நம் போடியிலிருந்து, அதைப் பயன்படுத்திக்கொள்ள ஏழு வழிகள்:

1. காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.
நாலு தேதி போதும். ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாள். வைகாசிப் பௌர்ணமியை ஒட்டி புத்த பூர்ணிமா. அக்டோபர் 14, 1956-இல் நாக்பூரில் அம்பேத்கர் பௌத்தம் தழுவிய நாள். டிசம்பர் 10, 1948-இல் ஐ.நா. உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்ற நாள். இந்தத் தேதிகளை ஒட்டி யார் கூட்டம் போட்டாலும் ஆள் தேவைப்படும். ஒரு மாதம் முன்பே போய் நில்லுங்கள். போடியில் எதுவும் நடக்கவில்லையா? போட்டியே இல்லை என்று அர்த்தம், நீங்களே தொடங்குங்கள். 2023 ஜூனிலிருந்து மதுரைக்கு மறுபடி ரயில் இருக்கிறது. மனித உரிமைக் கல்வியில் நெடுநாள் அனுபவமுள்ள ‘மக்கள் கண்காணிப்பகம்’ மதுரையில்தான் இருக்கிறது. பேச்சாளருக்காகச் சென்னைவரை அலைய வேண்டாம்.

2. உள்ளூர்ச் சரக்கை வையுங்கள்.
‘புத்தர் அன்பைப் போதித்தார்’ என்று ஆரம்பித்தால் கூட்டம் மொபைலை எடுத்துவிடும். போடி ஏலக்காய் வியாபாரிகள் ஊர். மணிமேகலையை எழுதிய சீத்தலைச் சாத்தனார் மதுரையில் தானியம் விற்ற கூலவாணிகர் என்று தொடங்குங்கள், கமிஷன் கடைக்காரரும் காது கொடுப்பார். அந்தக் காப்பியத்தில் மணிமேகலை மன்னனிடம் கேட்டு, சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றுகிறாள். மனித உரிமைக்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் எங்கே தேடுவீர்கள்? பிறகு அயோத்திதாசர்: 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தையும் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழையும் தொடங்கியவர். ‘மனித உரிமை மேல்நாட்டுச் சரக்குதானே?’ என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். பிரகடனத்தை வரைந்த குழுவில் சீனாவின் பி.சி. சாங் துணைத்தலைவர். முதல் பிரிவில் ‘ஆண்கள் எல்லாரும்’ என்று பொருள்படும்படி இருந்ததை ‘மனிதர் எல்லாரும்’ என்று மாற்றவைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. இந்த இரண்டு பெயரும் நுனிநாக்கில் இருக்கட்டும்.

3. ஃபேக்ட் செக் செய்யாமல் மைக்கைத் தொடாதீர்கள்.
இது என் சொந்த அடி. உத்தமபாளையத்துப் பாறைச் சிற்பங்களை ஒரு கூட்டத்தில் ‘புத்தர்’ என்று அளந்துவிட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் எழுந்து, ‘தம்பி, அது சமணத் தீர்த்தங்கரர்’ என்றார். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. அரை மணி நேரம் படித்திருந்தால் தப்பித்திருப்பேன். ஆபீஸ் பிரசென்டேஷனுக்கும் இதே விதிதான்.

4. ஆடியன்ஸைப் பார்த்து நேரம் வையுங்கள்.
டிசம்பர் 10 ஏலக்காய் எடுப்பு சீசனுக்குள் வருகிறது. காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் நடத்துபவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். ஏலத் தோட்டத்துக்குப் போகும் அக்காக்கள் விடிவதற்குள் ஜீப் ஏறி போடிமெட்டு தாண்டியிருப்பார்கள். மாலை ஆறரைக்கு வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள், வீட்டில் உலை வைக்க வேண்டும். டீயையும் வடையையும் கடைசியில் கொடுக்காமல் வந்ததும் கொடுங்கள்.

5. யாரும் தொடாத வேலையைக் கேட்டு வாங்குங்கள்.
பொன்னாடை போர்த்தப் பத்துப் பேர் அடித்துக்கொள்வார்கள். நாற்காலி வாடகை, மைக் செட் அட்வான்ஸ், பில் கணக்குக்கு ஒருவரும் வரமாட்டார்கள். அதை எடுங்கள். மறுநாளே ஒரு பக்கக் கணக்கை வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். காசு விஷயத்தில் சுத்தம் என்று ஒருமுறை பெயர் வாங்கினால், ஏலக்காய்க் கம்பெனி முதலாளியே ‘அந்தப் பையன் யாரு, அந்தப் பொண்ணு யாரு?’ என்று விசாரிப்பார்.

6. கான்டாக்டைப் படியாக்குங்கள்.
செல்ஃபி கான்டாக்ட் ஆகாது. பேச்சாளரிடம் அவர் சொன்ன ஒரு விஷயத்தை வைத்து ஒரே ஒரு நல்ல கேள்வி கேளுங்கள். மறுநாள் நன்றி சொல்லி இரண்டு வரி மெசேஜ். ஒரு வாரம் கழித்து, குறிப்பாக ஒரு உதவி கேளுங்கள். சட்டம், சமூகப்பணி படிப்பவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் இரண்டு வார ஆன்லைன் இன்டர்ன்ஷிப்புக்குத் தகுதி விதிகளைப் பார்த்து அப்ளை செய்யுங்கள். ஆசியப் பண்பாட்டில் ஆர்வம் வந்தால் அதையும் காசாக்கலாம். ஜப்பானிய மொழித் தேர்வு ஜூலை, டிசம்பர் மாதங்களில் சென்னையில் நடக்கிறது, என்5 என்ற தொடக்க நிலையிலிருந்து ஆரம்பிக்கலாம். கொரியப் பண்பாட்டுக்குச் சென்னையில் இன்கோ சென்டர் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பான், கொரியா கம்பெனிகள் எத்தனை என்று நான் சொல்லத் தேவையில்லை.

7. சூடான விஷயத்தை ஆதாரத்தோடு பேசுங்கள்.
சின்ன ஊர் இது. முன்வரிசையில் எஸ்டேட் முதலாளி, பின்வரிசையில் அவரிடமே கூலி வாங்குபவர். அதற்காகக் கூலிப் பேச்சை விழுங்க வேண்டியதில்லை. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் ‘பெண்கள் ஒற்றுமை’ என்று பொருள்படும் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில், தொழிற்சங்கத் தலைவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் போராடி, 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். நடந்ததை நடந்தபடி, தேதியோடும் எண்ணோடும் சொல்லுங்கள். பட்டம் கட்டாதீர்கள். கருத்து வேறாக இருக்கிறவர்களையும் உட்காரவைக்கத் தெரிந்தவரைத்தான் டீம் லீட் ஆக்குவார்கள்.

எல்லாம் முடிந்ததும் ரெஸ்யூமேவுக்கு வாருங்கள். ‘சமூக சேவையில் ஆர்வம்’ என்ற வரியை அடித்துவிடுங்கள். என்ன நிகழ்ச்சி, எத்தனை பேர், எவ்வளவு செலவு, உங்கள் பொறுப்பு என்ன என்று ஒரே வரியில் எழுதுங்கள். ஏலக்காயைப் பேசவைத்தா விலை வைக்கிறார்கள்? எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற காய்க்கு எட்டு மில்லி விலை.

இன்டர்வியூவில் அடுத்த கேள்வியும் வரும்: ‘அந்தக் கூட்டத்துல என்ன கத்துக்கிட்டீங்க?’ தலைமைப் பண்பு, டீம் ஒர்க் என்று ஒப்பிக்காதீர்கள். ‘முதல்ல காலையில பத்து மணின்னு போட்டோம் சார். ஜீப்ல போற அக்கா ஒருத்தங்க, எங்களைப் பத்தின கூட்டத்துக்கு எங்களாலயே வரமுடியாதேன்னாங்க. ஆறரைக்கு மாத்தினோம்’ என்று சொல்லுங்கள். அந்தப் பதில் பக்கத்து நாற்காலியில் காத்திருக்கும் கேண்டிடேட்டிடம் இருக்காது.